தங்கத்தில் பார்த்த கர்ணன், மறுபடியும்

திருமங்கலத்தான்:

2012 மார்ச்சில் சிவாஜியின் ‘கர்ணன்’ தியேட்டருக்கு மறுபடி வந்தபோது அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டிக்கொண்டு போனேன் என்பதுகூடச் சரியில்லை. பேப்பரில் விளம்பரம் பார்த்த நாளிலிருந்து அவர்தான் என்னை இழுத்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு லீவு போட முடியுமாடா?" என்று மூன்று நாள் விடாமல் கேட்டார்.

1964 பொங்கலுக்கு வந்த படம். அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, திருமங்கலத்திலிருந்து பஸ் ஏற்றி மதுரை தங்கம் தியேட்டருக்கு அழைத்துப் போயிருக்கிறார். இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரக்கூடிய தியேட்டர். ஆசியாவிலேயே பெரிசு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இன்றைக்கு அந்த இடத்தில் ஜவுளிக்கடை. அதே பொங்கலுக்கு எம்.ஜி.ஆரின் ‘வேட்டைக்காரனும்’ வந்தது. பெரியப்பா சிவாஜி கட்சி, சித்தப்பா எம்.ஜி.ஆர். கட்சி. எங்க அப்பா யார் டிக்கெட் எடுத்துக் கொடுக்கிறார்களோ அந்தக் கட்சி.

நாங்கள் போன அன்று தியேட்டர் வாசலில் சூடம் ஏற்றி, தேங்காய் உடைத்து, பெரிய கூத்து. எல்லாம் அறுபது தாண்டிய ஆட்கள். சட்டைப் பையில் சிவாஜி படம் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு ஒருத்தர் வருகிறவர்களையெல்லாம் கல்யாண வீட்டு வாசலில் நிற்பது போலக் கும்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் தியேட்டர்காரரும் இல்லை, யாரும் இல்லை.

டி.வி.யில் இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஆனால் கர்ணனும் பானுமதியும் சொக்கட்டான் ஆடுகிற இடத்தை நான் பார்த்ததே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. துரியோதனன் வருவதைப் பார்த்து, அவன் மனைவி பானுமதியாக நடிக்கும் சாவித்திரி எழுந்திருக்கிறார். தோற்கப் போவதால்தான் எழுந்து ஓடுகிறாள் என்று நினைத்து சிவாஜி எட்டி இழுக்க, முத்துகள் அறுந்து கொட்டுகின்றன. டி.வி.யில் அது ஒரு சத்தம், அவ்வளவுதான். இங்கே முத்துகள் தரையில் உருள்வது தெரிகிறது. அதன் பிறகு நிமிர்ந்து பார்க்கிற சிவாஜியின் முகம், திரை முழுக்க. நண்பனின் மனைவி, நண்பனே எதிரில் நிற்கிறான். தியேட்டரில் ஒரு இருமல்கூட இல்லை. துரியோதனனாக வரும் அசோகன் "எடுக்கவோ, கோர்க்கவோ" என்று கேட்டதும் விழுந்தது பாருங்கள் கைதட்டல்! சிவாஜி படத்தில் அசோகனுக்கு அப்படி ஒரு கைதட்டலை நான் எதிர்பார்க்கவே இல்லை. வில்லிபாரதத்து வரி, ஐந்நூறு அறுநூறு வருஷம் பழசு. அதற்கு விசில்.

இடைவேளையில் கழிப்பறை வரிசை தெரு வரைக்கும் நின்றது. மூன்று மணி நேரப் படம், கூட்டத்தின் வயசு அப்படி. அந்த வரிசையிலேயே அப்பாவுக்கும் முன்னால் நின்றவருக்கும் தகராறு. "கிருஷ்ணர் குரல் என்.டி.ஆரோடது இல்லைய்யா, கே.வி. சீனிவாசன் கொடுத்தது" என்று அப்பா. அந்த ஆள் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் படம் முடிந்து வெளியே வந்தும் தொடர்ந்தார்கள்.

கடைசிக் காட்சி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ தொடங்கியதும் எங்கள் வரிசை முழுக்கத் துண்டு முகத்துக்குப் போய்விட்டது. லட்சக்கணக்கில் செலவு செய்து ஒலியைப் புதுப்பித்திருந்தார்கள். சீர்காழி குரலுக்கு மேலே மூக்கைச் சிந்துகிற சத்தம்தான் கேட்டது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

வடபழனிவாசி:

எனக்கு ‘கில்லி’. 2004-ல் படம் வந்தபோது எனக்கு மூன்று வயது, அதனால் முழுக்க முழுக்க டி.வி. வளர்ப்பு. 2024 ஏப்ரலில் மறுபடி விட்டார்கள், முதல் நாளே ஹாஸ்டல் தோழிகள் ஆறு பேர் போனோம். ஒரு வசனமும் காதில் விழவில்லை, விழ வேண்டிய தேவையும் இல்லை. பிரகாஷ்ராஜ் வாயைத் திறக்கும் முன்னால் மொத்தத் தியேட்டரும் "செல்லம்" சொல்லி முடித்துவிடுகிறது. ‘அப்படிப் போடு’ வந்ததும் திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஐம்பது பேர் ஏறிவிட்டார்கள். விஜய்யின் இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியவில்லை, எல்லாம் இவர்களின் தலைதான்.

மேலே அண்ணன் சொன்ன அந்த இருமல்கூட இல்லாத அமைதியைப் படித்தபோது கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஒரே ஒரு குறை சொல்கிறேன். ஆடுங்கள், பாடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. திரையை மொத்தமாகப் போனில் படம் பிடிக்கிறீர்களே, எனக்கு முன்னால் இருந்தவர் இரண்டரை மணி நேரமும் கையைக் கீழே இறக்கவில்லை. அவர் போன் வழியாகத்தான் நான் பாதிப் படம் பார்த்தேன். அதற்கு டி.வி.யே பெரிசு.

பேர் வேண்டாம்:

எனக்கு நல்ல அனுபவம் இல்லை. ஒரு மால் தியேட்டரில் 190 ரூபாய் கொடுத்து ஒரு தொண்ணூறுகளின் படம். ‘புதுப்பிக்கப்பட்டது’ என்று போஸ்டரில் கொட்டை எழுத்து. திரையில் பார்த்தால் பழைய டி.வி.டி.யை அப்படியே பெரிசாக்கின மாதிரி முகமெல்லாம் மெழுகு. கேட்டதற்கு "படம் பழசு சார், அப்படித்தான் இருக்கும்" என்றார்கள்.

முன்னாள் ஆபரேட்டர்:

தம்பி, படம் பழசானதால் அப்படி இருக்காது. நெகட்டிவ் ஒழுங்காக இருந்து அதிலிருந்து ஒவ்வொரு பிரேமாக ஸ்கேன் பண்ணினால் பழைய படம் புதுப் படத்தைவிடத் துல்லியமாக வரும். தேய்ந்த பிரிண்டிலிருந்தோ வீடியோ கேசட்டிலிருந்தோ எடுத்தால் மெழுகுதான்.

நான் 22 வருஷம் டூரிங் டாக்கீஸிலும் பிறகு ஊர்த் தியேட்டரிலும் மிஷின் ஓட்டியவன். நீங்களெல்லாம் ரீ-ரிலீஸ் என்று புதுசாகப் பேசுகிறீர்கள். எங்களுக்கு அது வாரச் சோறு. புதுப்படம் படுத்துவிட்டால் முதலாளி ஒரு எம்.ஜி.ஆர். படப் பெட்டியை வரவழைப்பார். நாலு நாளில் கரண்ட் பில்லுக்குக் காசு வந்துவிடும். மதுரை சென்ட்ரல் தியேட்டரில் பழைய படம் ஓட்டியதைப் போய்க் கேளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பொறுக்கவில்லை. தமிழில் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலத் திரைப் படம், ‘ராஜ ராஜ சோழன்’, 1973. அதற்கு முன்னால் எடுத்த படமெல்லாம் ஏறக்குறைய சதுரச் சட்டம். அதை இப்போது அகலத் திரை நிறைய வேண்டும் என்பதற்காக மேலேயும் கீழேயும் வெட்டிவிடுகிறார்கள். கேமராமேன் யோசித்து வைத்த கிரீடத்தின் உச்சி போய்விடுகிறது, நாட்டியத்தில் பாதம் போய்விடுகிறது. இரண்டு பக்கமும் கறுப்பாக இருந்துவிட்டுப் போகட்டுமே. ஜனங்கள் சண்டைக்கா வரப் போகிறார்கள்?

சமீபத்தில் பேத்தி கூட்டிப்போனாள். நல்ல பிரிண்ட், குறை சொல்ல முடியாது. ஆனால் நான் படத்தைப் பார்க்கவில்லை. திரையின் வலது பக்க மேல் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு ரீல் முடியும்போதும் அங்கே ஒரு வட்டப் புள்ளி வரும். முதல் புள்ளிக்கு அடுத்த மிஷினை ஓடவிட வேண்டும், ஏழெட்டு விநாடியில் இரண்டாவது புள்ளி, அப்போது மாற்ற வேண்டும். தவறினால் திரை வெள்ளை, கீழே இருந்து அம்மா அக்கா எல்லோரையும் இழுப்பார்கள். மிஷினில் வெளிச்சத்துக்கு எரிகிற கார்பன் குச்சி தேய்ந்து வெளிச்சம் மங்கினாலும் "டேய், கார்பனைத் தள்ளுடா" என்று சத்தம் வரும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் என் கால் தானாகத் தரையைத் தேய்த்து எழப் பார்த்தது. புள்ளி வரவே இல்லை, துடைத்துவிட்டார்கள். "என்ன தாத்தா, பாத்ரூமா?" என்று பேத்தி இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.

திருமங்கலத்தான்:

ஐயா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். தங்கத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்த ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "மூலையை எவன்டா பார்த்தான்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, கே.வி. சீனிவாசன் விஷயத்தையும் இங்கே தெளிவாக எழுதிவிடச் சொன்னார். எழுதிவிட்டேன்.