சக்தி வந்த பொண்ணு குணமாயிட்டா சக்தியும் போயிடணுமா?

வைகைக்கரை:
வணக்கம், ஒரு தொடர்கதை எழுதிட்டு இருக்கேன், முடிவுல மாட்டிக்கிட்டு நிக்குது, கதை எழுதுறவங்க படிக்கிறவங்க யாரா இருந்தாலும் சொல்லுங்க. செல்வின்னு ஒரு பொண்ணு, 19 வயசு, சிவகாசி பக்கம் ஒரு கிராமம். பட்டாசு ஆலைல மருந்து கலக்குற ரூம் வெடிச்சு அம்மா செத்துடுறாங்க, ரெண்டு ரூம் தள்ளி இருந்த இவ தப்பிச்சிடுறா. அதுக்கப்புறம் எங்க தீ பிடிக்கப் போகுதோ அது இவளுக்கு முன்னாடியே தெரியுது, உள்ளங்கை சுட ஆரம்பிச்சிடும். தூக்கம் கிடையாது, யார் கூடயும் பேச்சு கிடையாது. கடைசில அம்மன் கோயில் பொங்கல் அன்னிக்கு அவ மேல சாமி வருது, மனசுல இருந்ததெல்லாம் கத்தி அழுது மயங்கி விழுறா, முழிச்சுப் பாத்தா சக்தி போயிருக்கு, சிரிக்கிறா, முற்றும். படிச்ச ஃப்ரெண்ட்ஸ் கிளைமாக்ஸ் சூப்பர்ங்கறாங்க ஆனா எனக்கு உறுத்துது. வலிலதான் சக்தி வந்துச்சுன்னா வலி போனா சக்தியும் போகணும்ல? போகாம வச்சா அம்மா செத்ததுக்குக் கிடைச்ச பரிசு மாதிரி ஆயிடாதா?

நிலாமுற்றம்:
நான் கவுன்சிலிங் வேலைல இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன். கத்தி அழுதா ஒரே ராத்திரில சரியாயிடும்ங்கறது நம்ம ஊர் சினிமா கண்டுபிடிச்சது இல்ல. 1895ல ப்ராயர், ஃப்ராய்டுன்னு வியன்னா டாக்டர்கள் ரெண்டு பேர் எழுதின ஹிஸ்டீரியா புத்தகத்துல இருந்தே வருது, அடக்கி வச்சதை வெளில கொட்டிட்டா நோய் போயிடும்னு. அதுல முதல் கேஸ் அன்னா ஓ-ன்னு ஒரு பொண்ணு, பேசிப் பேசியே குணமானாங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. நெசத்துல அந்த வைத்தியம் முடிஞ்ச உடனே அவங்கள சானிடோரியத்துல சேக்க வேண்டி வந்துச்சு. நிஜப் பேரு பெர்த்தா பாப்பன்ஹைம். பல வருஷம் கழிச்சு அநாதைப் பசங்களுக்காக வேலை பாத்து, 1904ல ஜெர்மனில யூதப் பெண்களுக்குன்னு ஒரு சங்கமே ஆரம்பிச்சவங்க. இந்தப் பின்பாதிதான் எனக்குப் பெரிய கதையாத் தெரியுது, ஆனா எல்லாரும் சொல்றது அந்த அழுகை சீனைத்தான்.

1993ல வந்த மணிச்சித்ரத்தாழ், 2005ல அதை வச்சு வந்த சந்திரமுகி ரெண்டுலயும் இதேதான், பழிவாங்கிட்டதா நம்ப வச்சா அந்த நிமிஷமே கங்கா பழைய கங்கா ஆயிடுவா. நடிப்புல உருகிப் போய்தான் பாப்பேன், ஆனா என்கிட்ட வர்றவங்க வீட்டுல "ஒரு தடவ நல்லா அழ வச்சுருங்க மேடம், சரியாயிடுவா"ன்னு கேக்கும்போது இந்தப் படங்கள் எவ்ளோ ஆழமா உள்ள போயிருக்குன்னு தெரியும். ஜூடித் ஹெர்மன்னு ஒரு அமெரிக்க மனநல மருத்துவர், 1992ல எழுதினதுல குணமாகுறதுக்கு மூணு கட்டம் சொல்வாங்க, முதல்ல பாதுகாப்பு, அப்புறம்தான் நடந்ததை நினைச்சு துக்கப்படுறது, அப்புறம் மறுபடி மனுஷங்களோட சேர்றது. உங்க கதைல நடுக்கட்டம் மட்டும்தான் இருக்கு, அதுவும் ஊரே சுத்தி நிக்க. செல்வி ராத்திரி எங்க படுக்குறா, பக்கத்துல யாரு இருக்காங்க, தீக்குச்சி கிழிக்கிற சத்தம் கேட்டா என்ன ஆகுது, இதெல்லாம் எங்க?

அப்புறம் அந்த உள்ளங்கை சூடு ரொம்பப் பொருத்தமான விஷயம். பெரிய ஆபத்துல தப்பிச்சவங்க உடம்பு எப்பவும் அடுத்த ஆபத்தைத் தேடிக்கிட்டேதான் இருக்கும், வாசலைப் பாத்துதான் உக்காருவாங்க, சின்ன வாடை கூட முதல்ல அவங்களுக்குத்தான் தெரியும். வைத்தியத்துல அந்தக் கவனம் சுத்தமா செத்துடணும்னு நாங்க பாக்குறது இல்ல, எப்ப ஓய்வெடுக்கணும்னு உடம்புக்குத் தெரிஞ்சா போதும். அதனால சக்தி இருக்கட்டும், அவ தூங்கட்டும்.

ரீல்கார்த்தி:
மேடம் சொல்றது சரி ஆனா தொடர்கதைக்கு ஒரு உச்சம் வேணும்ல, தூங்கினா சாப்பிட்டான்னே எழுதினா எவன் படிப்பான். என் யோசனை, சக்தி எப்ப வந்துச்சுங்கறதை மாத்திப் பாருங்க. ஃப்ரோசன் படத்துல எல்சாவுக்குப் பிறவியிலேயே சக்தி இருக்கு, காயம் எங்க வருதுன்னா தங்கச்சிக்கு அடிபட்ட அப்புறம் "மறைச்சு வை, உணராதே"ன்னு கையுறை மாட்டி ரூம்ல வச்சு வளக்குறதுல, அதான் கடைசில பயம் போகுது சக்தி போகல. செல்விக்கும் சின்ன வயசுல இருந்தே லேசா இருந்து, வெடிக்கிற அன்னிக்குக் காலைல கை சுட்டு, அவ சொல்லியும் யாரும் கேக்கலன்னா? அப்ப பரிசுங்கற பிரச்சனையே இல்ல. இன்னொன்னு, வலில இருக்கவங்க மத்தவங்கள நோகடிக்கவும் செய்வாங்க, வாண்டாவிஷன் சீரியல்ல வாண்டா தன் துக்கத்துக்காக ஒரு ஊரையே பிடிச்சு வச்சிருப்பா, அந்த ஜனங்க அவ கெட்ட கனவைச் சுமப்பாங்க. செல்வி ரொம்ப நல்ல பொண்ணாவே இருக்கா, எனக்கு நம்ப முடியல.

வாவிமகள்:
நான் மட்டக்களப்பு. கோயில் சீனைத் தூக்கிப் போடுறதுக்கு முதல் ஒரு விசயம் சொல்லோணும். 1990களில எங்கட பக்கம் ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போறது, பிறகு ஆளே இல்லாமப் போறது எண்டு எத்தினையோ குடும்பத்துக்கு நடந்தது. ஆமிக் காம்ப் வாசல்ல நிண்டா பதில் இல்ல, வெளியில வாய் திறக்கப் பயம். அந்த நேரம் தாய்மார் போனது அம்மன் கோயிலுக்கு, தெய்வம் ஏறி வாக்குச் சொல்ற பொம்பளையளிட்ட, மகன் இருக்கிறானா இல்லையா எண்டு கேக்க. பற்றீசியா லோறன்ஸ் எண்ட அமெரிக்க ஆய்வாளர் அந்தக் காலம் இஞ்ச இருந்து அதைப்பற்றி எழுதியிருக்கிறா. காணாமப் போன பிள்ளையின்ர வலியை வாக்குச் சொல்றவ தன்ர உடம்பில காட்டுவா, தாய் பக்கத்துல இருந்து சத்தமா அழுவா. வேற எங்கயும் அப்பிடி அழேலாது. அந்த சக்தி ஒரே நாள்ல வந்து போனதில்ல, அது ஊருக்குத் தேவைப்பட்ட ஒரு வேலை.

அதோட இன்னொன்று. 2017 மாசியில கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்டவங்கட தாய்மார் ரோட்டோரம் பந்தல் போட்டு இருந்தாங்க, வருசக் கணக்கா இருந்தாங்க. பிள்ளைக்கு என்ன நடந்தது எண்டே தெரியாதவங்களிட்ட போய் மனசு ஆறிட்டுதா எண்டு கேக்கிறது எப்பிடி? செல்வியின்ர அம்மா செத்ததுக்கு ஆர் பொறுப்பு எண்டு உங்கட கதையில ஒருத்தராவது கேக்கினமா? ஆலை திரும்பத் திறந்து ஓடுதா? அந்த ஆலைப் பக்கம் கை சுடாட்டி பிறகு எங்க சுடுறது?

தென்கடல்:
நான் ராமநாதபுரம் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலை ஏர்வாடில ஒரு தனியார் மனநலக் காப்பகத்துல தீப்பிடிச்சு 28 பேர் செத்தாங்க, சங்கிலில கட்டிப் போட்டிருந்ததால ஓட முடியல. தர்காவுல குணமாகும்னு நம்பி வீட்டு ஆளுங்க விட்டுட்டுப் போனவங்க. இதுக்கப்புறமும் சாமி வந்து ஒரே நாள்ல சரியாச்சுன்னு எழுதுறது எனக்கு ஏத்துக்கவே முடியாது. தயவுசெஞ்சு மாத்துங்க.

வைகைக்கரை:
ஏர்வாடி படிச்சதும் கை நடுங்கிடுச்சு. ஆலையைப் பத்தி வாவிமகள் கேட்டது கதையோட பாதையையே மாத்துது, அதை எழுதத்தான் போறேன். ஆனா செல்வி ஊர்ல கோயில்தான் இருக்கு, டாக்டர் எங்க இருந்து வருவாங்க?

நிலாமுற்றம்:
தென்கடல் சொன்னதுல சங்கிலிதான் கொடுமை, 2017 மனநலச் சட்டத்துலயே சங்கிலி போடக் கூடாதுன்னு இருக்கு. கோயில்னாலே ஆபத்துன்னு மட்டும் சொல்ல மாட்டேன். 2002ல பிஎம்ஜேங்கற மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, தமிழ்நாட்டுல முத்துசாமி கோயில்னு ஒரு இடத்துல தங்கின 31 பேரைப் பாத்திருக்காங்க, தீவிர மனநோய் இருந்தவங்க, நோயோட கடுமை கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. விசேஷமா எந்தச் சடங்கும் இல்ல. வாரக்கணக்கா சொந்தக்காரங்க யாராவது கூடத் தங்கி, கோயில்ல சின்னச் சின்ன வேலை பாத்து, யாரும் மிரட்டாம இருந்திருக்காங்க. உங்க கோயிலை அப்படி எழுதலாம், பெருக்குறதுக்கு ஒரு முற்றம், பக்கத்துல படுக்க ஒரு சித்தி.

டாக்டருக்கு மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கும், இல்லன்னா டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம், கதை 2022க்கு அப்புறம் நடந்தா தாராளமா வைங்க. ஒன்னே ஒன்னு, முதல் நாளே அந்த டாக்டர் "என்ன நடந்துச்சு, முழுசா சொல்லு"ன்னு கேக்குற மாதிரி எழுதிடாதீங்க. நேத்து எத்தனை மணி நேரம் தூங்கினே, சாப்பிட்டியா, இந்தச் சேர்ல உக்கார சௌகரியமா இருக்கான்னு கேக்கட்டும், செல்வி வாசல் தெரியுற சேருக்கு மாறி உக்காரட்டும்.