மோட்டார் ஓடுகிறது, அஜிட்டேட்டர் அசையவில்லை

நான் (காலை 7.40)
பெரியப்பா, அம்மாவின் பழைய வாஷிங் மெஷின் நேற்று இரவு பாதியில் நின்றுவிட்டது. தண்ணீர் சரியாக நிரம்புகிறது, மோட்டார் ஓடும் ஓசையும் கேட்கிறது, ஆனால் நடுவில் நின்று துணியைப் புரட்டும் தண்டான அஜிட்டேட்டர் அசையவே இல்லை. பிழியும் கட்டத்திற்குத் திருப்பினால் தண்ணீர் முழுவதும் வெளியேறிவிடுகிறது. தொட்டி சுழலாததால் துணி சொட்டச் சொட்ட அப்படியே கிடக்கிறது.

தம்பி (காலை 7.52)
முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துவிட்டது, அக்கா. கியர்பாக்ஸ் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இனி அதைப் பிரித்துப் பார்ப்பதில் பயன் இருக்குமா?

பெரியப்பா (காலை 8.15)
அவசரப்பட வேண்டாம், தம்பி. அந்த இயந்திரம் பெல்ட் இல்லாத நேரடி இயக்க வகை; அதில் மோட்டாரின் ஒரு முனையில் பம்பும் மறுமுனையில் அஜிட்டேட்டரையும் தொட்டியையும் இயக்கும் கியர்பாக்ஸும் இருக்கும். தண்ணீர் வெளியேறுகிறது என்றால் மோட்டாரும் பம்பும் நலமாக இருக்கின்றன என்று பொருள். துவைப்பதும் பிழிவதும் ஒரே நேரத்தில் நின்றிருப்பதால், மோட்டாரையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கப்ளிங் உடைந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளுக்கு நடுவே ஒரு ரப்பர் வளையம் வைத்த சிறிய பொருள் அது. தொட்டியில் பாரம் மிகும்போது கியர்பாக்ஸுக்கு ஊறு வராமல் தானே உடைந்துகொள்ளும்படிதான் அதை அமைத்திருக்கிறார்கள். துவைக்கிறது, ஆனால் பிழியவில்லை என்று சொல்லியிருந்தால் மூடியைச் சாத்தினால் மட்டுமே தொட்டியைப் பிழியவிடும் மூடி சுவிட்சைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

அம்மா (காலை 8.31)
போன வாரம் இரண்டு கனமான கம்பளிகளைச் சேர்த்துப் போட்டேன். அதனால்தான் இப்படி ஆகியிருக்குமோ?

பெரியப்பா (காலை 8.36)
அதுவும் காரணமாக இருக்கலாம், அம்மா. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த ரப்பர் தானாகவே இறுகித் தேய்ந்திருக்கும். உங்கள் மேல் தவறு எதுவும் இல்லை. வேறு ஏதேனும் மாற்றத்தைக் கவனித்தீர்களா?

அம்மா (காலை 8.44)
சில மாதங்களாகவே மேலே போட்ட துணி மேலேயே நிற்கிறது, முன்போல் உள்ளே இறங்குவதில்லை. துணியை அளவுக்கு மீறிப் போடுகிறேன் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பெரியப்பா (காலை 8.58)
இதைக் கேட்டது நல்லதாகப் போயிற்று. அஜிட்டேட்டரின் மேல்பாதியைக் கையால் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதாகச் சுழன்று, மறுபக்கம் திருப்பும்போது பிடித்து நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் தடையின்றிச் சுழன்றால், உள்ளே உள்ள நான்கு சிறிய பிளாஸ்டிக் பற்கள் தேய்ந்துவிட்டன. கப்ளிங்கோடு அவற்றையும் வாங்கி மாற்றிவிடலாம். தேய்ந்தது ஒன்றோ இரண்டோ என்றாலும் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

நான் (காலை 9.05)
இரண்டு பக்கமும் சுழல்கிறது, பெரியப்பா. கடையில் இரும்பு வைத்த கப்ளிங்கும் கிடைக்கும் என்கிறார்களே, அது இன்னும் நீடித்து உழைக்குமா?

பெரியப்பா (காலை 9.12)
எனக்கு அதில் உடன்பாடில்லை. கப்ளிங் உடையாவிட்டால் அந்த அடி நேராகக் கியர்பாக்ஸுக்குத்தான் போகும். பழைய இயந்திரத்தில் கியர்பாக்ஸைக் காப்பாற்றுவதே முதல் வேலை என்பதால் அசல் வகையையே வாங்கு.

வேலையைத் தொடங்குமுன் பிளக்கைப் பிடுங்கி, தண்ணீர்க் குழாயையும் மூடிவிடு. குமிழ்கள் உள்ள மேல்பலகையின் இரு ஓரத்திலும் உள்ள திருகுகளைக் கழற்றிப் பலகையைப் பின்னால் சாய்த்தால் இரண்டு உலோகக் கிளிப்புகள் தெரியும்; ஸ்க்ரூ டிரைவரால் அவற்றை நெம்பி எடு. மூடி சுவிட்சின் வயர் இணைப்பையும் பிரித்த பிறகு, வெளிக்கூடு முழுவதையும் முன்பக்கம் சாய்த்து அப்படியே வெளியே எடுத்துவிடலாம். தகட்டின் ஓரம் கத்திபோல் இருக்கும், ஆகவே கையுறை இல்லாமல் தொடாதே. பம்பில் உள்ள ஹோஸ்களைக் கழற்றத் தேவையில்லை. இரண்டு கிளிப்புகளை எடுத்துப் பம்பை ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்தால் போதும். மோட்டார் நல்ல கனம் என்பதால், அதன் கடைசிக் கிளிப்பை நீ எடுக்கும்போது தம்பி அதைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளட்டும். அருகில் கெப்பாசிட்டர் இருந்தால் அதன் முனைகளில் விரல் படக் கூடாது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும்.

தம்பி (மாலை 4.20)
பெரியப்பா, நீங்கள் சொன்னதுதான் சரி. மோட்டாரை எடுத்தவுடன் கறுப்பு ரப்பர்த் தூளும் உடைந்த பிளாஸ்டிக் துண்டுகளும் கீழே கொட்டின. கியர்பாக்ஸின் தண்டைக் கையால் திருப்பினேன், வழவழப்பாகச் சுழல்கிறது. அடியில் எண்ணெய்க் கசிவும் இல்லை. காலையில் நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. புதிய கப்ளிங் தண்டில் இறங்க மறுக்கிறது, என்ன செய்வது?

பெரியப்பா (மாலை 4.27)
பொருத்தமான அளவுள்ள சாக்கெட் ஒன்றை அதன் மேல் வைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டு. நேராக பிளாஸ்டிக்கின் மேல் அடித்தால் விரிசல் விடும். வெளிக்கூட்டை மாட்டியதும் மூடி சுவிட்சின் இணைப்பை மறக்காமல் செருகு, இல்லாவிட்டால் இயந்திரம் பிழியாது.

நான் (மாலை 6.50)
வேலை முடிந்தது, பெரியப்பா. தொட்டி சுழலத் தொடங்கியதும் அம்மாவின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேலே போட்ட துணியும் இப்போது உள்ளே இறங்குகிறது. தண்ணீர் மட்டும் முன்பைவிட மெதுவாக நிரம்புவதுபோல் தோன்றுகிறது.

பெரியப்பா (மாலை 7.04)
தண்ணீர் ஹோஸ் வால்வில் சேரும் இடத்தில் சிறிய சல்லடை இருக்கும். அதில் மணல் அடைத்திருக்கும். கிழிந்துவிடாமல் எடுத்துக் கழுவிப் போடுங்கள். வெடிப்போ புடைப்போ இருந்தால் ஹோஸையும் மாற்றிவிடுங்கள். ரசமட்டம் வைத்து நான்கு கால்களும் தரையில் ஊன்றியிருக்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும், ஆடினால் பிழியும்போது எல்லாப் பாகங்களும் அதிரும்.

அம்மா (இரவு 8.10)
துவைத்து முடித்ததும் மூடியைத் திறந்தே வைக்கலாமா? வாடை வருகிறது. வினிகர் ஊற்றிக் கழுவலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

பெரியப்பா (இரவு 8.22)
திறந்தே வையுங்கள், அம்மா. வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பர் பாகங்கள் கெடும். ப்ளீச்சோடு அது கலந்தால் நச்சு வாயு உண்டாகும் என்பதால் இரண்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். சோப்புத்தூளின் அளவைக் குறைத்தாலே வாடை பெருமளவு குறையும். மூன்று நாள் கழித்து இயந்திரத்தின் அடியில் ஈரமோ எண்ணெயோ இருக்கிறதா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.

தம்பி (மூன்று நாள் கழித்து, காலை 6.55)
டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன், பெரியப்பா. தரை நன்றாக உலர்ந்திருக்கிறது. இனி கம்பளிகளை ஒவ்வொன்றாகத்தான் போடுவேன் என்று அம்மா சொல்லச் சொன்னார்.