சுரபாயா வகுப்பில் யாருமே வாய் திறக்கவில்லை, என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். திருச்சியில் ஆறு வருடம் ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். இந்தோனேசியாவில், சுரபாயா நகரில் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. எட்டாம் வகுப்பு, 30 பிள்ளைகள். தங்கமானவர்கள், காலையில் வரிசையாக வந்து என் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கேள்வி கேட்டால் நிசப்தம். "புரிந்ததா?" என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். டெஸ்ட் வைத்தால் பாதிப் பேர் வெற்றுத்தாள். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்:
வாம்மா தங்கச்சி. நான் பாண்டுங்கில் ஒன்பது வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன். முதல் வருடம் எனக்கும் இதே கதைதான், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றே நினைத்துவிட்டேன்.

"மாலு" என்று ஒரு சொல் இங்கே அடிக்கடி காதில் விழும். வெட்கம், கூச்சம், மானம் போய்விடுமோ என்ற பயம் எல்லாம் அதற்குள் அடக்கம். நாலு பேர் முன்னால் தப்பாகச் சொன்னால் மாலு. சரியாகச் சொன்னாலும், கூட்டாளிகளை விட்டுத் தான் மட்டும் முந்திக்கொண்டோமே என்று மாலு. "புரியவில்லை" என்று சொல்வதோ, நீங்கள் சரியாக நடத்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரி. உங்களை "பு" என்றுதானே கூப்பிடுகிறார்கள்? "இபு" என்பதன் சுருக்கம், அம்மா என்று அர்த்தம். அம்மாவிடம் அப்படிச் சொல்வார்களா?

ஆகவே பெயர் சொல்லி எழுப்பி நிற்கவைத்துக் கேட்கும் நம்மூர்ப் பழக்கத்தை மூட்டை கட்டிவிடுங்கள். நான் கேள்வியைப் பலகையில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் சும்மா நிற்பேன். (அந்த ஒரு நிமிடம் வாயை அடக்குவது எனக்குத்தான் பெரிய பயிற்சி.) ஒவ்வொருவரும் நோட்டில் எழுதவேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு பேசவேண்டும், பிறகு நான்கு பேர் கூடி ஒரே பதில். "எங்கள் குழு இப்படி நினைக்கிறது" என்று ஆரம்பிக்கவிட்டால் அது யாருடைய தப்பும் இல்லை. நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். சுற்றிவரும்போது பிழைகளைக் குறித்துக்கொண்டு, கடைசியில் பெயர் சொல்லாமல் பலகையில் போடுங்கள்.

இன்னொன்று, யெல்-யெல். சாரணர் முகாமிலும் விளையாட்டுப் போட்டியிலும் ஒவ்வொரு குழுவும் போடும் கோஷம். ஆங்கிலத்தில் ஒன்று கட்டச் சொல்லிப் பத்து நிமிடம் கொடுங்கள். மூச்சுவிடாத பிள்ளைதான் கூரை அதிரக் கத்தும். சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்', 'ட்' ஒலிகளை இவர்கள் விழுங்கிவிடுவார்கள். அதை நான் யெல்-யெல்லில்தான் சரிசெய்கிறேன்.

அவர்கள் செய்யும் பிழைகளைப் பார்த்தால் நமக்கே சிரிப்பு வரும், பாதி நம்முடையவை. "டூ புக்" என்று எழுதுவார்கள், எண் வந்தால் இந்தோனேசிய மொழியில் பன்மை வேண்டாம். நாமும் "ரெண்டு புக்" என்றுதானே பேசுகிறோம்? "வீட்டுப்பாடம் செய்யவில்லையா?" என்றால் "யெஸ், பு" என்பார்கள். "ஆமாம், செய்யவில்லை" என்று அர்த்தம், கோபப்படாதீர்கள். ஆங்கில 'வீ' அவர்களுக்குக் குழப்பும், ஏனென்றால் அங்கே "காமி", "கித்தா" என்று இரண்டு உண்டு: நாங்கள், நாம். வட இந்திய ஆசிரியருக்கு இதை விளக்கவேண்டும், உங்களுக்கு வேண்டாம். அவன், அவள் இரண்டுக்கும் "டியா" ஒன்றேதான், அதனால் 'ஹீ', 'ஷீ' மாறிமாறி வரும். பொறுமை.

வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. "சுடா" என்றால் ஆயிற்று, "பெலும்" என்றால் இன்னும் இல்லை. அதனால்தான் "ஐ ஆல்ரெடி ஈட்" என்கிறார்கள். இலக்கண அட்டவணையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "சாப்பிட்டாச்சா, இன்னும் இல்லையா" என்று சுடா-பெலும் விளையாட்டிலிருந்து 'ஆல்ரெடி', 'யெட்' பக்கம் கொண்டுவாருங்கள். இறந்தகாலத்துக்கு மாலின் குண்டாங் கதை போதும். தாயைத் தாய் இல்லை என்று சொன்ன மகன் கல்லாய்ப் போன கதை. எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கதை தெரிந்ததால் கவனம் முழுக்க மொழியில் இருக்கும்.

(எங்கள் பாண்டுங் பக்கம் வாழும் சுண்டா இனத்தவருக்கு 'ஃப'வும் 'ப'வும் ஒன்று. "எங்களுக்கு 'ஃப' வராது என்பது வெறும் பித்னா" என்று அவர்களே ஜோக் சொல்வார்கள். 'ஃபித்னா' என்றால் அவதூறு.)

கேள்வி கேட்டவர்:
அக்கா, குழுவாகப் பிரித்துப் பார்த்தேன். சத்தம் வந்துவிட்டது! ஆனால் எல்லாம் ஜாவா மொழியில். எழுதுவதும் ஒரே பெண்தான்.

பதில்:
பேசட்டும். வீட்டில் ஜாவா மொழி, பள்ளியில் இந்தோனேசிய மொழி, குர்ஆன் ஓத அரபி. பல பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நாலாவது. எந்த மொழியில் யோசித்தாலும் சரி, வெளியே வரும் பதில் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும். அந்த ஒரே பெண் பிரச்சினைக்கு, குழுவில் ஒன்று முதல் நாலு வரை எண் கொடுங்கள். பதில் தயாரான பிறகு பகடை உருட்டி, விழுந்த எண்காரர் சொல்லவேண்டும். மாட்டிவிட்டது பகடை, நீங்கள் இல்லை.

அப்புறம், வெள்ளிக்கிழமை நண்பகலை ஒட்டி டெஸ்ட் வைக்காதீர்கள். பையன்கள் ஜும்மாவுக்குக் கிளம்பிவிடுவார்கள்.