திங்கள் காலையில் மட்டும் ஆர்சிசிபி ட்ரிப்: பல் கிளினிக் வயரிங்கில் எங்கே தேடுவது?

குடந்தை பல்மருத்துவர் (திங்கள், மதியம் 2:10)

வணக்கம். கும்பகோணத்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் மூன்று வருடமாக கிளினிக் நடத்துகிறேன். ஒரு டெண்டல் சேர், 1 எச்பி கம்ப்ரசர், 22 லிட்டர் ஆட்டோகிளேவ் (கருவிகளை நீராவியில் கிருமி நீக்கும் மெஷின், 2 கிலோவாட்), சுவரில் மாட்டிய பல் எக்ஸ்ரே, ஒரு ஏசி, ஒரு கம்ப்யூட்டர். சிங்கிள் பேஸ். மெயினில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்கோ ஆள் வழியாகவோ கசிந்தால் சப்ளையைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று இருக்கிறது. எல்லாமே அதன் கீழ்தான். இன்வெர்ட்டரில் வரவேற்பறை லைட்டும் ஃபேனும் மட்டும்.

ஞாயிறு விடுமுறை முடிந்து திங்கள் காலை ஆட்டோகிளேவை ஆன் செய்தால் சில விநாடிகளில் ஆர்சிசிபி விழுகிறது. ஐந்தாறு முறை தூக்கிவிட்டால் ஒரு வழியாக நின்றுவிடும். செவ்வாய் முதல் சனி வரை தொல்லையே இல்லை. அடைமழை நாட்களில் மட்டும் நடுவாரத்திலும் விழுந்திருக்கிறது.

எலக்ட்ரீஷியன் இரண்டு முறை வந்தார். முதல் முறை ஆர்சிசிபியையே புதிதாக மாற்றினார். பலன் இல்லை. இரண்டாம் முறை வந்தபோது, "100 மில்லி ஆம்பியர் போட்டுவிடலாம், இல்லையென்றால் ஆட்டோகிளேவ் பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிடலாம்" என்றார்.

இன்று காலை என் உதவியாளர் மாடியில் வீட்டு உரிமையாளரின் பிளக் பாயிண்ட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து ஆட்டோகிளேவை ஓட்டினார். அங்கே ஆர்சிசிபி கிடையாது. அரை மணி நேரம் ஓடியது. அப்புறம் எங்கள் பாயிண்ட்டிலேயே மாட்டினோம், ட்ரிப் ஆகவில்லை.

போன திங்கள் ஒரு அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் எடுத்துக்கொண்டிருக்கும்போது விழுந்தது. சேர் லைட்டும் சக்‌ஷனும் நின்றுவிட்டன. வாயில் ரத்தம். உதவியாளரின் போன் வெளிச்சத்தில் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டு நின்றேன். அன்று இரவு தூக்கமே வரவில்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

சேலம் கிளினிக் (திங்கள், மாலை 4:35)

எங்களுக்கும் இதே பிரச்சனை இருந்தது டாக்டர். எர்த்தைக் கழற்றிவிட்டோம். இரண்டு வருடமாக ஒரு ட்ரிப்கூட இல்லை. அதிகம் யோசிக்காதீர்கள்.

ஈரோடு வயர்மேன் (திங்கள், மாலை 6:05)

டாக்டர், மற்றதெல்லாம் பிறகு. எர்த்தை மட்டும் யாரையும் கழற்ற விடாதீர்கள். சேலம் நண்பரே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எர்த்தைக் கழற்றினால் லீக்கேஜ் (கரண்ட் கசிவு) நிற்காது, அது போகும் வழிதான் அடைபடும். கரண்ட் மெஷினின் உடம்பிலேயே நிற்கும். உதவியாளர் ஈரக் கையோடு கதவைத் தொடும்போது அவர் வழியாக இறங்கும். அப்போது ஆர்சிசிபி விழும்தான், ஆனால் ஷாக் அடித்த பிறகு விழும். எர்த் இருந்தால் ஆள் தொடுவதற்கு முன்பே விழுந்திருக்கும்.

மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்தது இன்னும் மோசம். அங்கே ஆர்சிசிபியும் இல்லை. பழைய வீட்டு பிளக் பாயிண்ட்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்பதும் தெரியாது. அந்த அரை மணி நேரமும் மெஷினை யாரும் தொடாதது நல்ல காலம். இனி செய்யாதீர்கள்.

100 மில்லி ஆம்பியர் யோசனையும் வேண்டாம். 100, 300 எல்லாம் மெயினில் தீப்பிடிக்காமல் இருக்க வைப்பது. ஆளைக் காப்பாற்றுவது 30 தான். மருத்துவ இடங்களுக்கான ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60364-7-710 தரநிலையும் நோயாளியைச் சுற்றியுள்ள 32 ஆம்பியர் வரையிலான லைன்களுக்கு 30-க்கு மேல் போகக் கூடாது என்றுதான் சொல்கிறது. உலர்ந்த தோல் கரண்டைக் கொஞ்சம் தடுக்கும். வாய்க்குள் ஈரம், அதில் உலோகக் கருவி, பிடித்திருப்பது நீங்கள். அங்கே அந்தத் தடுப்பு கிடையாது.

இன்னொரு விஷயம். 30 என்று எழுதியிருந்தாலும் 15-க்கு மேல் 30-க்குள் எந்த அளவிலும் விழலாம். ஆகவே ஆட்டோகிளேவ் மட்டும் 30 லீக் ஆக வேண்டியதில்லை. மற்ற சாமான்கள் ஏற்கெனவே 8, 10 என்று தின்றுகொண்டிருந்தால் மீதி கொஞ்சம் போதும். லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் மில்லி ஆம்பியர் காட்டாது. மெயினில் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கிளாம்ப்புக்குள் விட்டால் வருவதுதான் மொத்த லீக்கேஜ். பிறகு எம்சிபிகளை (ஒவ்வொரு லைனுக்கும் உள்ள, ஓவர்லோடில் விழும் சுவிட்சுகள்) ஒவ்வொன்றாக அணைத்து எது எவ்வளவு என்று எழுதி வையுங்கள்.

திருச்சி அனுபவம் (திங்கள், இரவு 7:20)

இன்வெர்ட்டர் நியூட்ரல் வேறு லைனோடு கலந்திருக்குமோ? எங்கள் கடையில் அப்படித்தான் விழுந்துகொண்டே இருந்தது.

ஈரோடு வயர்மேன் (திங்கள், இரவு 7:40)

அதுவாக இருந்தால் செவ்வாயும் விழும், சனியும் விழும். திங்களும் மழை நாளும் மட்டும் என்றால் ஈரம்தான்.

மதுரை பயோமெட் (திங்கள், இரவு 9:15)

வயர்மேன் அண்ணா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மருத்துவக் கருவிகளைச் சர்வீஸ் செய்பவள் என்ற முறையில் ஆட்டோகிளேவ் பற்றிச் சொல்கிறேன்.

ஹீட்டரின் உலோகக் குழாய்க்குள் காயில் இருக்கும். காயில் குழாயைத் தொடாதபடி சுற்றிலும் மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் அடைத்திருப்பார்கள். அந்தப் பவுடர் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. குழாயின் இரு முனையிலும் உள்ள சீல் வருடக்கணக்கில் வெந்து விரிசல் விட்டால் காற்றின் ஈரம் உள்ளே போய்விடும். தினமும் ஓடும் மெஷின் தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். ஒன்றரை நாள் சும்மா நின்றால் ஈரம் ஏறும். திங்கள் காலை லீக் ஆவதும், அரை மணி ஓடினால் சரியாவதும் இதனால்தான். உங்கள் உதவியாளர் மாடியில் ஓட்டியபோது ஹீட்டரைக் காய வைத்திருக்கிறார்.

மெகர் (கரண்ட் கசியாமல் தடுக்கும் இன்சுலேஷன் எத்தனை மெகா ஓம் என்று காட்டும் மீட்டர்) பார்க்கச் சொல்லுங்கள், ஆனால் பிளக் பின்னில் வைத்துப் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று போய்விடக் கூடாது. உள்ளே ரிலே திறந்திருக்கும், ஹீட்டர் வரை மெகர் போகவே போகாது. மூடியைத் திறந்து, ஹீட்டர் வயர்களைப் போர்டிலிருந்து கழற்றி, ஹீட்டர் முனைக்கும் உடம்புக்கும் இடையே 500 வோல்ட்டில் பார்க்க வேண்டும். கழற்றாமல் அடித்தால் போர்டு போய்விடும். திங்கள் காலை ஆன் செய்வதற்கு முன்பே பாருங்கள். செவ்வாய்க்கிழமை பார்த்தால் எல்லாம் சரி என்றுதான் காட்டும்.

அப்புறம் டாக்டர், சேருக்குக் கீழே தரையில் இருக்கும் பாக்ஸைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள்? தண்ணீர், காற்று, கழிவு, கரண்ட் நான்கும் அந்த ஒரு பாக்ஸுக்குள்தான் வந்து சேரும். நான் போகும் கிளினிக்குகளில் முதலில் அதைத்தான் திறக்கிறேன். யாரும் திறக்காத பெட்டி அது.

குடந்தை பல்மருத்துவர் (அடுத்த திங்கள், மாலை 5:50)

எல்லோருக்கும் நன்றி. நீங்கள் சொன்னபடி வேறொரு எலக்ட்ரீஷியனையும் ஆட்டோகிளேவ் சர்வீஸ் ஆளையும் இன்று காலை 8 மணிக்கே வரவழைத்தேன்.

ஹீட்டர் குளிர்ந்த நிலையில் 0.02 மெகா ஓம். 1 மெகா ஓமாவது இருக்க வேண்டும் என்றார் சர்வீஸ் ஆள். கழற்றி எடுத்து நன்றாகச் சூடாக்கிப் பார்த்தார், 3-க்கு மேல் போய்விட்டது. அக்கா சொன்னது அப்படியே நடந்தது.

ஆட்டோகிளேவ் பிளக்கை உருவிய பிறகும் மெயினில் 9 மில்லி ஆம்பியர் காட்டியது. ஏசி, கம்ப்யூட்டர், கம்ப்ரசர், எக்ஸ்ரே எல்லாம் சேர்ந்து 4 தான். மீதி 5 சேர் லைனில். தரை பாக்ஸைத் திறந்தோம். தண்ணீர்க் குழாய் இணைப்பு சொட்டுச் சொட்டாகக் கசிந்து, கனெக்டர் முழுக்கப் பச்சைக் களிம்பு. எர்த் ஸ்க்ரூ துருப்பிடித்து விரலால் சுற்றினாலே ஆடியது. மூன்று வருடமாக இந்தச் சேரில்தான் குழந்தைகளை உட்கார வைத்தேன். இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

நேற்று வரை ஆட்டோகிளேவ் மட்டும்தான் குற்றவாளி என்று நினைத்திருந்தேன். இன்று சேரை மெயினிலிருந்து பிரித்துவிட்டு, வந்தவர்களை வேறு நாளுக்கு மாற்றினேன். வயரிங்கையே மாற்றலாம் என்று இருக்கிறேன். எப்படிப் பிரிப்பது அண்ணா?

ஈரோடு வயர்மேன் (அடுத்த திங்கள், இரவு 8:30)

0.02 மெகா ஓம் என்றால் 20,000 ஓம். 230 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 11 மில்லி ஆம்பியர். உங்கள் 9-ஐச் சேர்த்தால் 20. அதனால்தான் பாதி நேரம் விழுந்தது, பாதி நேரம் நின்றது. புது ஆர்சிசிபி போட்டும் பலன் இல்லாததற்கும் இதுவே காரணம். பழையதும் நல்லதுதான் டாக்டர், அது சொன்னதை நாம் கேட்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது, எல்லாவற்றுக்கும் ஒரே ஆர்சிசிபி என்பதை உடைப்பது. ஆட்டோகிளேவுக்குத் தனி ஆர்சிபிஓ, கம்ப்ரசருக்குத் தனி, சேருக்குத் தனி, எக்ஸ்ரேவுக்குத் தனி, மற்றவை ஒன்றில். ஒவ்வொன்றும் 30 மில்லி ஆம்பியர். ஆர்சிபிஓ என்பது எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒரே டப்பாவில் இருப்பது. ஆட்டோகிளேவ் லீக் ஆனால் அது மட்டும் விழும், நோயாளி வாயில் வெளிச்சம் போகாது. அந்தந்த லைனின் நியூட்ரல் அந்தந்த ஆர்சிபிஓவுக்கே திரும்ப வேண்டும். இதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். டிபிக்குள் (இந்த சுவிட்சுகளை மாட்டும் பெட்டி) நியூட்ரல் லிங்க்கை ஒன்றாக விட்டால் தொல்லை மறுபடி ஆரம்பிக்கும்.

வாங்கும்போது "டைப் ஏ" என்று கேட்டு வாங்குங்கள். டைப் ஏசி என்பது சாதாரண ஏசி லீக்கேஜை மட்டும் உணரும். சேர், கம்ப்யூட்டர் போன்ற எலக்ட்ரானிக் சாமான்களில் விட்டுவிட்டு வரும் டிசி மாதிரியான லீக்கேஜும் உண்டு, அதை டைப் ஏ பிடிக்கும். சொன்னேனே, அந்த ஐஇசி தரநிலையும் டைப் ஏ அல்லது பி என்றுதான் கேட்கிறது.

ஆட்டோகிளேவ் 9 ஆம்பியர் இழுக்கும். 2.5 ஸ்கொயர் மில்லிமீட்டர் காப்பர் வயர், 16 ஆம்பியர் பாயிண்ட், அதில் வேறு எதுவும் மாட்டக் கூடாது. டிபி தூரமாக இருந்தால் 4 ஸ்கொயர். கம்ப்ரசர் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், அதற்கு சி கர்வ் (அந்த நொடி இழுப்பைத் தாங்கி விழாமல் நிற்கும் வகை). எக்ஸ்ரேயைக் கம்ப்ரசர் லைனில் சேர்க்காதீர்கள், மோட்டார் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் தாழும்.

எர்த்துக்கு வருவோம். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை அழுத்தி விழுந்தால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். எர்த்தே இல்லாத வீட்டிலும் அந்த பட்டன் வேலை செய்யும். அது ஆர்சிசிபி உயிரோடு இருக்கிறதா என்பதற்கு மட்டும்தான். மாதம் ஒருமுறை அழுத்துங்கள், ஆனால் எர்த்தைத் தனியாக மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பழைய வீட்டில் கரியும் உப்பும் போட்ட எர்த் குழி வெயில் காலத்தில் வறண்டுவிடும். சேரைச் சுற்றி ஒன்றரை மீட்டருக்குள் இருக்கும் தண்ணீர்க் குழாய், ஸ்டீல் வாஷ்பேசின், அலமாரி எல்லாவற்றையும் சேரின் எர்த்தோடு பச்சை வயரால் இணைத்துவிடுங்கள். நோயாளி ஒரு கையைச் சேரிலும் இன்னொரு கையைக் குழாயிலும் வைத்தால் இரண்டுக்கும் இடையே வோல்டேஜ் வரக் கூடாது.

மதுரை பயோமெட் (அடுத்த திங்கள், இரவு 9:05)

தரை பாக்ஸில் கரண்ட் இணைப்பைத் தரையை ஒட்டி விடாமல், ஈரம் புகாத சின்ன பாக்ஸில் போட்டு உயரமாக மாட்டுங்கள். தண்ணீர் இணைப்பு அதற்குக் கீழே இருக்கட்டும். சனி மாலை கிளம்பும்போது தண்ணீர் வால்வை மூடிவிடுங்கள். ஹீட்டரைக் காய வைத்துத் திரும்ப மாட்டலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சீல் போன ஹீட்டர் அடுத்த மழையில் மறுபடி ஈரம் குடிக்கும். புதிது போடுங்கள். சேர் லைட் அருகே சார்ஜ் நிற்கும் எமர்ஜென்சி விளக்கு ஒன்றும் வாங்கி வையுங்கள் டாக்டர்.

சேலம் கிளினிக் (செவ்வாய், காலை 10:20)

நேற்று இரவு இதைப் படித்த பிறகு மனம் கேட்கவில்லை. காலையில் கழற்றி வைத்திருந்த எர்த் வயரை மாட்டினேன். ஆட்டோகிளேவை ஆன் செய்த உடனே விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. எங்கள் சிஸ்டர் இரண்டு வருடமாகத் தினமும் அதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார். ரப்பர் செருப்பு போட்டிருப்பார், அதுதான் காப்பாற்றியிருக்கிறது போல. இப்போது நான் என்ன செய்ய வேண்டும் அண்ணா?

ஈரோடு வயர்மேன் (செவ்வாய், காலை 10:32)

மாட்டிப் பார்த்தீர்களே, அதுவே பெரிய விஷயம். பிளக்கை உருவி, மேலே ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள், யாரும் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது. இன்றைக்குத் தேவையான கருவிகளைப் பக்கத்து கிளினிக்கில் ஸ்டெரிலைஸ் செய்து தரச் சொல்லுங்கள். எர்த் வயர் இனி அப்படியே மாட்டியபடி இருக்கட்டும். சேலத்தில் எந்தப் பகுதி என்று எழுதுங்கள், லீக்கேஜ் கிளாம்ப்பும் மெகரும் வைத்திருக்கும் ஆளை விசாரித்துச் சொல்கிறேன்.