வயலில் பழைய எண்ணெய்க் கிணறு: சுத்தம் செய்யும் செலவு யார் தலையில்? உங்கள் அனுபவங்கள்

மன்னார்குடி பக்கத்திலிருந்து:

எங்கள் வயலில் எண்ணெய்க் கிணறு தோண்டியது அப்பா காலத்தில். துளை போடும் ரிக் வண்டி ஏறுவதற்காக நஞ்சையில் செம்மண்ணும் கப்பிக்கல்லும் கொட்டி, ரோலர் விட்டு இறுக்கினார்கள். ஆண்டுக் குத்தகை ஒழுங்காக வந்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். எதிர்பார்த்த அளவு எண்ணெய் இல்லை போலிருக்கிறது. குழாயை சிமென்ட் போட்டு அடைத்து, எண் எழுதிய தகடு ஒன்றை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அப்புறம் குத்தகையும் நின்றது.

நிலம் திரும்பி வந்தது. ஆனால் வயலாக வரவில்லை. மண்வெட்டியை ஓங்கிப் போட்டாலும் ஒரு சாண் இறங்காது, கப்பியில் பட்டு ‘ணங்’ என்கிறது. துளை போடும்போது வந்த சேற்றைத் தேக்கிய குட்டையை மேலாக மண் தள்ளி மூடியிருக்கிறார்கள். அங்கே சம்பா நாற்று வேர் பிடிப்பதே பெரும்பாடு. பிடித்தாலும் முழங்கால் உயரத்திலேயே மஞ்சளாகிவிடும். தை, மாசியில் காய்ந்தால் வெள்ளையாக உப்பு பூக்கும்.

கேட்டதற்கு நிறுவனத்தில் சொன்னது: “ஒரு தொகை தருகிறோம், நீங்களே சரிசெய்துகொள்ளுங்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்.” நான் கையெழுத்துப் போடவில்லை. கப்பியைப் பொக்லைன் வைத்து அள்ளினால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? மேலே அடிக்க வண்டல் வேண்டாமா? அதைவிட, குட்டைக்குள் என்ன கிடக்கிறது என்று யார் பார்ப்பது? வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்து, உப்பு பார்ப்பார்கள். எண்ணெய்க் கசடோ, துளையிடும் சேற்றில் கலக்கும் பேரைட் என்ற கனமான தாதுப் பொடியோ அதில் வராது. தோண்டியவர்தானே செலவு செய்ய வேண்டும்?

கால்கரி, கனடாவிலிருந்து:

அண்ணா, இங்கே ஆல்பர்ட்டாவிலும் இதே கதைதான். பூமிக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் மாகாண அரசின் சொத்து. அதனால் எண்ணெய் எடுக்க வருகிறவரை விவசாயி தடுக்க முடியாது, வாடகை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவரின் கனோலா (எண்ணெய் வித்து) வயலில் நடுவே ஒரு துருப்பிடித்த பம்ப் நிற்கிறது. விதைக்கும்போதும் அறுக்கும்போதும் அதைச் சுற்றி வளைந்துதான் போக வேண்டும். நல்ல காலத்தில் பெரிய கம்பெனி எடுத்துவிட்டு, வற்றப்போகும் சமயத்தில் சின்னக் கம்பெனிக்கு விற்றுவிடும், சின்னது திவாலாகிவிடும்.

ரெட்வாட்டர் என்ற கம்பெனி வழக்கில் 2019-இல் கனடா உச்ச நீதிமன்றம், திவாலானாலும் கிணற்றைச் சுத்தம் செய்யும் பொறுப்புத்தான் முதலில், கடன் கொடுத்த வங்கி அப்புறம்தான் என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. ஆனால் கையிருப்பே இல்லாத கம்பெனியிடம் எதை எடுப்பது? இப்படிப் பொறுப்பேற்க ஆளில்லாமல் போன ‘ஆதரவற்ற’ கிணறுகளுக்கென்று எண்ணெய்க் கம்பெனிகள் பணம் கட்டும் நிதி ஒன்று இருக்கிறது, அது போதவில்லை. கொரோனா காலத்தில், 2020-இல், மத்திய அரசு மூன்று மாகாணங்களின் பழைய கிணறுகளுக்காக 170 கோடி டாலர் ஒதுக்கியது. அதாவது என் வரிப்பணமும் அதில் போயிருக்கிறது. லாபம் வந்தபோது யாரும் எனக்குப் பங்கு கொடுக்கவில்லையே!

தஞ்சாவூரிலிருந்து, வரிக்கணக்கு வேலை:

மன்னார்குடிக்காரருக்கு ஒரு தகவல். 1961 வருமான வரிச் சட்டத்தில் 33ஏபிஏ என்ற பிரிவு 1999-இல் வந்தது. எண்ணெய், எரிவாயு எடுக்கும் நிறுவனம் இடத்தைச் சீரமைப்பதற்கென்று ஸ்டேட் பாங்க் சிறப்புக் கணக்கிலோ தனிக் கணக்கிலோ பணம் போட்டால், அந்தத் தொகையை, லாபத்தில் 20 சதவீதம் வரை, வரிக்கான வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று அது சொன்னது. அப்படியென்றால் சுத்தம் செய்வது நிறுவனத்தின் செலவு என்று சட்டமே ஏற்றுக்கொண்டு வரிச்சலுகையும் கொடுத்திருக்கிறது. நீங்கள் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

காவிரி டெல்டாவுக்காகத் தமிழ்நாடு அரசு 2020-இல் கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை இதற்கு நம்ப வேண்டாம். புதிதாகத் தோண்டுவதைத்தான் அது தடுக்கிறது, ஏற்கெனவே இருப்பதைத் தொடவில்லை.

மன்னார்குடி:

ரொம்ப நன்றி. அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் இரண்டு கேள்வி எழுதிக் கொடுக்கப் போகிறேன். தகட்டில் இருக்கும் எண்ணைப் போட்டு, இந்தக் கிணற்றுக்குச் சீரமைப்பு நிதியில் எவ்வளவு ஒதுக்கினார்கள் என்று ஒன்று. குட்டை மண்ணை வெளி ஆய்வகத்தில் நிறுவனச் செலவில் பரிசோதிப்பார்களா என்று இன்னொன்று. முடிவு கைக்கு வரும்வரை கையெழுத்துக் கிடையாது. பக்கத்து ஊர்களில் இப்படி நிலம் வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே மனு கொடுப்போம்.