அம்மாவுடன் விளையாடச் சிறிய கேம்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வாங்கிவிட்டுத் தொடாமல் வைத்திருந்த சிறிய இண்டி கேம்களை (சிறு குழுக்கள் சொந்தமாக உருவாக்கும் வீடியோ கேம்கள்) இந்த விடுமுறையில் ஒவ்வொன்றாக முடித்து வருகிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் செங்காங் வீட்டில் 'வெண்பா' (2023) என்ற சமையல் கேமை விளையாடிக்கொண்டிருந்தபோது அம்மா பின்னால் வந்து நின்றார். திரையில் நான் இட்லித் தட்டுகளை அடுக்கியதைப் பார்த்து, "குழிக்கு நேராகக் குழி வைக்காதே, ஆவி எப்படி மேலே வரும்?" என்றார். அந்தப் புதிருக்கு விடையே அதுதான்! பிறகு கதை முடியும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. கதையில் கனடாவில் வளரும் மகன் தமிழை விட்டு விலகும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து 'அன்பேக்கிங்' (2021). ஒரு பெண் வீடு மாறும்போதெல்லாம் அவள் பெட்டிகளைப் பிரித்துப் பொருட்களை அடுக்கும் கேம் இது. அவள் காதலனின் வீட்டில் பட்டச் சான்றிதழை மாட்ட இடமில்லாமல் கட்டிலுக்கடியில் வைக்க நேர்ந்தபோது, "இவன் சரிப்பட மாட்டான்" என்று அம்மா சொல்லிவிட்டார். வசனமே இல்லாமல் அவருக்குப் புரிந்தது. எனக்கு அது பெரிய மகிழ்ச்சி.

'ஃப்ளோரன்ஸ்' என்ற கேமையும் முடித்தாயிற்று. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. விரல் மூட்டு வலியால் வேகமாகப் பொத்தான் அழுத்தவும் முடியாது. இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற, எழுத்து குறைவான, குடும்பக் கதை சொல்லும் கேம்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் கேம் கருவி, ஐபேட் இரண்டும் இருக்கின்றன. சனிக்கிழமை மாலை சேர்ந்து விளையாடுவதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.