உக்கடத்தில் கையெறி குண்டு ஓடு ஒன்று கிடைக்கிறது, வாங்கலாமா?

நொய்யல்கரை:
வணக்கங்க. பழைய ராணுவச் சாமான் சேர்க்கிற பழக்கம் எனக்கு. தண்ணீர்க் குடுவை, பெல்ட் பக்கிள், .303 ரைபிள் காலித் தோட்டா என்று ஒரு அலமாரி நிறைய இருக்கிறது. இப்போது உக்கடத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் அன்னாசிப் பழம் மாதிரி கட்டம் கட்டமான கையெறி குண்டு பார்த்தேன். லீவர் இல்லை, பின் இல்லை, அடியில் திருகு மூடி துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. கடைக்காரர் "வெறும் ஓடுதானுங்க" என்கிறார். போர்க்காலத்தில் சூலூர் விமானத் தளத்தில் பிரிட்டிஷ் கடற்படை இருந்ததே, அங்கிருந்து வந்ததாக இருக்குமோ என்று ஒரு ஆசை. வாங்கி வந்து மண்ணெண்ணெய் ஊற்றி மூடியைக் கழற்றிப் பார்க்கலாமா?

லேத்பட்டறை:
கழற்றாதீங்க! அது மில்ஸ் குண்டு. அந்த அடிமூடி வழியாகத்தான் டெட்டனேட்டரை, அதாவது மருந்தை வெடிக்க வைக்கும் சின்னக் குழாயை, உள்ளே வைப்பார்கள், நீங்கள் ஸ்பேனர் போட நினைப்பது சரியாக அந்த இடத்தில். பின்னும் லீவரும் இல்லாததால் காலி என்று ஆகிவிடாது, வீசி வெடிக்காமல் போன குண்டும் பார்க்க அப்படித்தான் இருக்கும். பயிற்சிக்கு வைத்திருந்தது என்றால் ஓட்டிலேயே துளை போட்டிருப்பார்கள்.

அப்புறம் சூலூர் கதை. இந்த வகை 1915ல் இங்கிலாந்தில் வந்தது, அதன் 36ஆம் எண் குண்டை நம் ராணுவமும் ரொம்ப காலம் வைத்திருந்தது, மாற்றாக உள்நாட்டில் செய்த புதுக் குண்டு 2021ல்தான் கைக்கு வந்தது. ஆகவே உருவத்தை மட்டும் வைத்து எந்தக் காலம் என்று சொல்ல முடியாது. பவுண்டரிக்கு வரும் ஸ்கிராப்பில்கூட இதெல்லாம் கலந்து வரும். 2004ல் காசியாபாத் பக்கம் ஒரு இரும்பாலையில் இறக்குமதி ஸ்கிராப்பில் இருந்த குண்டு வெடித்துத் தொழிலாளர்கள் செத்தார்கள், அதற்கப்புறம்தான் இறக்குமதியில் கெடுபிடி வந்தது.

சங்ககிரிக்காரன்:
பழசானால் மருந்து செத்துவிடும் என்று நம்பாதீங்க. 2008ல் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் ஒருவர் உள்நாட்டுப் போர்க்கால பீரங்கிக் குண்டைச் சுத்தம் செய்யும்போது வெடித்து இறந்தார். அவர் பல வருடமாக இதையே செய்துவந்தவர், குண்டுக்கு 140 வயசுக்கு மேல். 2018ல் சிவமொக்கா மாவட்டத்தில் கிணற்றிலிருந்து எடுத்த திப்பு காலத்து ராக்கெட்டுகளுக்குள்ளும் மருந்து இருந்தது.

அருவங்காட்டு மருமகன்:
மாமனார் அருவங்காட்டில் கார்டைட் (தோட்டா மருந்து) ஃபேக்டரியில் இருந்தவர், அவர் பேச்சைக் கேட்டுச் சொல்கிறேன். உங்கள் .303 தோட்டாக்களின் அடியைப் பாருங்கள். கே.எஃப் என்று இருந்தால் புனே பக்கம் கிர்க்கி தோட்டா ஆலையில் செய்தது, கூடவே வருடமும் இருக்கும், சேர்க்கிறவனுக்கு அதுதான் சுவை. நடுவில் கேப்பில், அதாவது ஊசி அடித்ததும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன வட்டத்தில், பள்ளம் விழுந்திருந்தால் சுட்டது. பள்ளமும் இல்லை, பக்கத்தில் துளையும் இல்லை என்றால் கேப் உயிரோடு இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா, வெடிமருந்து என்கிற கணக்கில் கையெறி குண்டும் வருகிறது, அதன் பாகங்களும் வருகின்றன. உதிரிச் சிறு பாகங்களுக்கு 45ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டுதான், ஆனால் ஒரு முழுக் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் அந்தப் பிரிவைப் பேச எனக்குத் தைரியம் வராது. துளை போட்டது, எங்கே வாங்கினோம் என்று எழுத்தில் இருப்பது, இது இரண்டும் இல்லாததை நான் தொடுவதில்லை.

நொய்யல்கரை:
கடைக்காரரிடம் சொன்னேன், அவரே பயந்துபோய் 100க்கு அடித்துவிட்டார். அலமாரியையும் பார்த்தேன், இரண்டு மூன்று தோட்டாவில் கேப்பில் பள்ளம் இல்லை. ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு போகட்டுமா?

லேத்பட்டறை:
இருக்கிற இடத்திலேயே விட்டுவிட்டு அவர்களை வரச் சொல்லுங்க. பையில் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறிடாதீங்க சாமி.